இல்லத்தரசி என்று நான் பதிந்த செவிலியர்

சைதாப்பேட்டை ரயில் நிலையப் படியேறும்போது குணசுந்தரி சிஸ்டர் இறந்த செய்தி வந்தது. எங்கள் மருத்துவமனையின் வாட்ஸ்அப் குழுவில் அவருடைய பழைய அடையாள அட்டைப் படம். கீழே ‘கொரோனா வீராங்கனைக்குக் கண்ணீர் அஞ்சலி’. மந்தைவெளியில் அவர் கடைசியாக வேலை பார்த்த சின்ன கிளினிக்கில் மாரடைப்பாம். படத்தைப் போட்டது நிர்வாக அலுவலகம். அவரை வெளியே அனுப்பியதும் அவர்கள்தான். மூன்றாம் மாடி டயாலிசிஸ் பிரிவில் அவரோடு வேலை பார்த்த உங்களுக்கு அது தெரியும். என் பங்கு தெரியாது.

அவர் வார்டில் இருந்தால் சத்தம் இருக்கும். மேற்கு மாம்பலத்துத் தையல்காரர் ஒருவர் வாரம் மூன்று நாள் வருவார். எடை பார்க்கும்போதே சிஸ்டர் அவரைப் பிடித்துக்கொள்வார். “இன்னா மாமா, நேத்து குடத்தோட குடிச்சியா?” “ஒரு வாய் மோர்தான் சிஸ்டர்.” “மோரு ரெண்டு கிலோவா கீது? மெஷினுக்கு மூச்சு வாங்கப் போவுது.” தையல்காரர் சிரித்துக்கொண்டே கையை நீட்டுவார்.

இரண்டாம் அலையின்போது ஊழியர்கள் எல்லோரும் இரண்டு தடுப்பூசியும் போட்டிருந்தோம். அப்போது ஒரு சுற்றறிக்கை வந்தது. ஊசி போட்டவர்களுக்குக் காய்ச்சல் வந்தால் பரிசோதனை வேண்டாம், மாத்திரை போட்டுக்கொண்டு வேலைக்கு வரவும். கூட்டத்தில் கண்காணிப்பாளர் விளக்கினார்: “நம்ம ஸ்டாஃபுக்கே வந்துதுன்னு வெளிய தெரிஞ்சா, ஜனங்க எப்படி ஊசி போட்டுக்குவாங்க?” பின்வரிசையிலிருந்து சிஸ்டர் சொன்னார்: “வரும்னு சொல்லுங்க மேடம். வந்தாலும் சாவுறது கம்மின்னு சேத்து சொல்லுங்க. ஜனங்க இன்னா கொழந்தைங்களா?” யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. நானும்தான்.

அடுத்த வாரம் ஒரு காலை, லேபில் நான் கொரோனா பரிசோதனைக்கு மாதிரி எடுக்கும் மேசைக்குப் புறநோயாளிகள் வரிசையில் நின்று சிஸ்டர் வந்தார். கண் சிவந்திருந்தது. கையில் நோயாளிச் சீட்டு.

“இன்னா நைனா பாக்குற? எடு.”

“ஸ்டாஃபுக்கு எடுக்கக் கூடாதுன்னு சொல்லிக்கிறாங்களே சிஸ்டர்.”

“ஸ்டாஃபுக்குத்தானே? நான் சீட்டு போட்டு வந்த பேஷண்ட். ஊசி போட்டதாலதான் நின்னு பேசிக்கினு கீறேன். மேல படுத்துக்கினு கீறவங்க ஒடம்பு தாங்குமா?”

எடுத்தேன். கணினியில் ‘தொழில்’ என்ற கட்டம் வந்தபோது பயந்தேன். செவிலியர் என்று போட்டால் வார்டு முழுக்கப் பரிசோதனை நடக்கும், மேலிடம் என்னைக் கேட்கும். இல்லத்தரசி என்று போட்டேன். அவருக்கும் நல்லதுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

முடிவு பாசிட்டிவ். மறுநாள் மாலை வீட்டிலிருந்து கூப்பிட்டார். “கார்ப்பரேசன்ல இருந்து பேசுனாங்க. வூட்ல எத்தினி பேருன்னு கேட்டாங்க. வார்டைப் பத்தி ஒரு வார்த்த கேக்கல. இன்னா எழுதின?”

சொன்னேன். இருமிக்கொண்டே சொன்னார்: “மாத்து.”

“வேலை போயிடும் சிஸ்டர்.”

“ஒன்னுது போவாது. நான் மெரட்டுனேன்னு சொல்லிடு.”

மாற்றினேன். வார்டு முழுக்கப் பரிசோதித்ததில் இன்னும் நான்கு ஊழியர்களுக்குத் தொற்று இருந்தது. ஐந்து பேரும் பிழைத்தார்கள். ஊசியின் வேலை அது. ஆனால் நான் வீணாக்கிய அந்த நாள் முழுக்க நால்வரும் நோயாளிகளைத் தொட்டுக்கொண்டிருந்தார்கள். தையல்காரருக்குத் தொற்றியது. அவர் பிழைக்கவில்லை. அந்த நாளில்தான் தொற்றியதா என்று எனக்குத் தெரியாது. யாராலும் சொல்ல முடியாது. அதனால் எனக்கு எந்த நிம்மதியும் இல்லை.

சுற்றறிக்கையை மீறியதற்கு நிர்வாகம் வைத்த விசாரணையில் சிஸ்டர் சொல்லிக்கொடுத்ததை அப்படியே சொன்னேன்: மிரட்டினார். கையெழுத்தும் போட்டேன். அவருடைய ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. சுற்றறிக்கை போட்டவரை யாரும் எதுவும் கேட்கவில்லை.

இறந்த செய்தி வந்த அன்றே, துக்கம் கேட்கச் சைதாப்பேட்டையில் அவர் வீட்டுக்குப் போனேன். மகள் என்னை அடையாளம் கண்டுகொண்டாள். “லேப் அண்ணன்தானே? எங்கம்மா ஒங்கள இன்னா சொல்லி மெரட்டுச்சு? எத்தினி வாட்டி கேட்டாலும் சிரிச்சிக்கினே போயிடும்.”

“மிரட்டலம்மா. நான்தான் பொய் சொன்னேன்.”

அவள் அழவில்லை. உள்ளே பார்த்துக் கூப்பிட்டாள். “பெரிம்மா, இங்க வா. இவரு சொல்றத நீயும் கேளு.”

மறுபடி சொன்னேன். அங்கே வந்திருந்த ஒவ்வொருவரிடமும் சொல்ல வைத்தாள். இப்போது உங்களிடமும் சொல்கிறேன். அவர் கொடுத்ததில் என்னிடம் மிஞ்சியிருப்பது, தினமும் காலையில் நான் போய் உட்காரும் இந்த வேலைதான்.