மருந்து அடிக்க வந்த ஏரோப்ளேன்

போன வாரம் எங்கள் தெருவில் கொசு மருந்துப் புகை வண்டி வந்தது. ஜன்னல்களை எல்லாம் சாத்தி, கதவிடுக்கில் ஈரத்துணியைத் திணித்து, மகளின் கையை இறுகப் பிடித்துக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருந்தேன். "எல்லாப் பசங்களும் பின்னாடி ஓடுறாங்கம்மா" என்று அழுதாள். அதில் உள்ள சுகம் எனக்குத் தெரியாதா? அவள் வயதில் நான் ஏரோப்ளேனையே துரத்தியவள்.

செவிலிமேட்டுக்குத் தெற்கே, பாலாற்றை ஒட்டி எங்கள் ஊர். அந்தப் புரட்டாசியில் நெல்லில் பூச்சி விழுந்தது. காஞ்சிபுரத்தைச் சுற்றியுள்ள வயல்களுக்கெல்லாம் சர்க்காரே ஏரோப்ளேனில் மருந்து தெளிக்கப்போவதாகப் பேச்சு வந்தது. முந்தின நாள் தலையாரி தண்டோரா போட்டார்.

"நாளைக்கு காலையில ஏரோப்ளேன் வருது! கெணத்த மூடுங்க! மாட்ட கொட்டாயில கட்டுங்க! கோழிய கூடையில கவுத்துடுங்க!"

ஊர் அப்படியே செய்தது. கிணறுகள் பாய் போர்த்திக்கொண்டன. வைக்கோல் போருக்குக்கூடச் சாக்கு கிடைத்தது. பிள்ளைகளைப் பற்றித் தண்டோராவில் ஒன்றும் இல்லை. ஆகவே பிள்ளைகள் எல்லோரும் விடிந்ததும் வயலுக்குப் போய்விட்டார்கள்.

என்னைத் தவிர. கோழிகளைக் கவிழ்ப்பது என் வேலை. அம்மாவுக்கு அப்போது ஐந்தாவது மாதம். குனிந்து ஓட முடியாது. ஆறு கோழிகள் அகப்பட்டன. ஏழாவதான கருப்புப் பெட்டை மட்டும் சிக்கவில்லை.

"அது உள்ள போவாம நீ வாசப்படி தாண்டக் கூடாது" என்றாள் அம்மா.

முருங்கை மரத்தைச் சுற்றினேன். கூரை மேல் கல்லெறிந்தேன். கெஞ்சினேன், திட்டினேன். தூரத்தில் இரைச்சல் கேட்டது. எனக்கு உயிரே போய்விட்டது. நல்லவேளையாக, அந்த இரைச்சலில் கோழியும் மிரண்டு வேலிக்குள் போய் மாட்டிக்கொண்டது. பிடித்தேன். கூடைக்குத் திரும்ப நேரமில்லை. அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வயலுக்கே ஓடினேன்.

மருந்து எந்த வரிசையில் விழ வேண்டும் என்று காட்டுவதற்காக, சித்தப்பா மூங்கிலில் தன் வெள்ளை வேட்டியைக் கட்டி வரப்பில் நின்றிருந்தார். ஏகாம்பரநாதர் கோபுரத்துப் பக்கமிருந்து ஏரோப்ளேன் வளைந்து வந்தது.

"கோபுரத்துல இடிக்காம வந்துட்டான் பாரு! நம்ம டவுன் பஸ்காரனுக்கு இவன் எவ்ளோ தேவலாம்பா!" என்றார் சித்தப்பா.

தென்னை உயரத்துக்கு இறங்கியது. ஓட்டுகிறவரின் கண்ணாடி தெரிந்தது. அவர் எங்களைப் பார்த்துக் கையை ஆட்டினார். சத்தியமாக ஆட்டினார். பின்னாலேயே வெள்ளையாகத் தூறல் இறங்கியது. பூண்டும் மண்ணெண்ணெயும் கலந்த வாடை.

"பன்னீர் தெளிக்கிறான்டோய்! கல்யாண வூட்டுல கூட இவ்ளோ தெளிக்க மாட்டானுங்க!" என்று சித்தப்பா குதித்தார். பிள்ளைகள் வாயைத் திறந்துகொண்டு குதித்தார்கள். நான் கோழியைப் பாவாடைக்குள் பொத்தி, அதன் மேல் கவிழ்ந்து உட்கார்ந்து, முகத்தை மட்டும் வானத்துக்குக் கொடுத்தேன்.

அப்போது அம்மா வந்துவிட்டாள், கையில் விளக்குமாற்றோடு. "ஏண்டி, கோழிய எங்கடி தூக்கிக்கினு வந்த?" அடுத்த வார்த்தைக்குள் ஏரோப்ளேன் தலைக்கு மேல் திரும்பியது. ஓங்கிய விளக்குமாறு ஓங்கியபடியே நின்றது. அம்மா அண்ணாந்து பார்த்தாள். பிறகு சிரித்தாள். என் வயதுப் பெண்ணைப் போல, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவள் தலைமுடியெல்லாம் முத்து முத்தாக மருந்து. அவள் அப்படிச் சிரித்து அதற்குமுன் நான் பார்த்ததில்லை.

வீட்டுக்கு வந்ததும் முதலில் கோழியைத்தான் வாங்கினாள். இறகு இறகாகத் தடவி, மோந்து பார்த்தாள். "பொழச்சுது, நனையல. கெட்டிக்காரிதான் நீ" என்றாள். அவளுக்கும் எனக்கும் சாயங்காலம் வரை தலைவலி, வாந்தி. வெயிலில் நின்றதால் என்றார்கள்.

தையில் தம்பி பிறந்தான். தாமதமாக நடந்தான். அதைவிடத் தாமதமாகப் பேசினான். ஒன்றாம் வகுப்பில் மூன்று வருஷம் இருந்தான். அந்த மருந்துதான் காரணமா என்று இன்றுவரை எந்த மருத்துவரும் எனக்கு உறுதியாகச் சொல்லவில்லை. சோம்பேறி என்று நினைத்து, வாய்ப்பாடு சொல்லாத அவன் தலையில் நான் குட்டுவேன். அதற்கும் சிரிப்பான். அவனுக்குப் பிடித்தது ஏரோப்ளேன் கதை ஒன்றுதான். தினமும் சொல்லச் சொல்வான்.

"அப்ப நான் எங்க இருந்தேங்க்கா?"

"அம்மா வயித்துல."

"அப்ப நானும் பன்னீர்ல நனைஞ்சேன்!"

எனக்குப் பொறுக்காது. ஓடி, விழுந்து, கஷ்டப்பட்டு நனைந்தவள் நான். இவன் சும்மா பங்குக்கு வருவதா?

"நீ எங்கடா நனைஞ்ச? நீ உள்ள பத்திரமா இருந்த" என்பேன்.

அவன் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு அழுவான். நான் விட்டுக்கொடுத்ததே இல்லை.