நடுவில் நின்று கேட்கச் சொன்னவர்

டிக்கோயா மைக்செட் செபஸ்தியார் இறந்துபோன செய்தியை பஸ் கண்டக்டர் ஒருவர் நோட்டன் பிரிட்ஜில் உள்ள என் கடைக்கு வந்து சொன்னார். கையிலிருந்த வேலையை நான் நிறுத்தவில்லை. எங்கள் இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை என்பது ஊருக்கே தெரியும். ஒரே தொழிலில் இருந்தவன் என்று கோயில் சபையார் அடக்கத்தன்று வாசிக்க இரங்கலுரையை என்னையே எழுதச் சொல்லியிருக்கிறார்கள். அவரை அறிந்த உங்களிடம் பொய்யாகப் புகழ எனக்கு வராது.

எழுபதுகளின் தொடக்கத்தில், நான் புதிதாக மைக்செட் வாடகைக்கு விட்ட காலத்தில், ஒரு தோட்டத் திருவிழாவில் என் செட் ஓயாமல் இரைந்தது. விருந்தாளியாக வந்திருந்த செபஸ்தியார் திருவிழாக் கமிட்டித் தலைவரிடம், "இதுக்கு ஒரு எருமையக் கட்டியிருக்கலாம்" என்றார். என்ன கோளாறு என்று கேட்டேன். சிரித்துவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார். மைக் கம்பி கரண்ட் கம்பியோடு ஒட்டிக் கிடந்ததை நானே தேடிக் கண்டுபிடித்து விலக்கிப் போட்ட பிறகுதான் இரைச்சல் நின்றது. அன்றைக்கே அவர் மேல் வெறுப்பு விழுந்துவிட்டது.

சில வருடங்கள் கழித்து எங்கள் பக்கத்துத் தோட்டமொன்றில் வேலைநிறுத்தம் நடந்தது. தேயிலைக் கொழுந்து நிறுக்கும் இடத்தில் ராசம்மா என்ற பெண்ணைக் கணக்கப்பிள்ளை அறைந்திருந்தார். அவள் வழுக்கி விழுந்தாள் என்று ஆபீஸில் சொன்னார்கள். சனத்தில் பாதிப் பேர் அதை நம்பி வேலைக்குத் திரும்பத் தயாராக இருந்தார்கள். அதனால் தானே மைதானத்தில் பேசுவதாக ராசம்மா சொல்லிவிட்டாள். செட் என்னுடையது; மைதானத்தின் இரு பக்கமும் ஒவ்வொரு ஹார்ன் ஒலிபெருக்கியைக் கட்டியிருந்தேன். அவள் பேசத் தொடங்கியதும் ஓரங்களில் நின்றவர்கள் அமைதியாகக் கேட்டார்கள். நடுவில் நின்ற கூட்டமோ ஒன்றும் கேட்கவில்லை என்று கலையத் தொடங்கியது. ஆம்பிளிபயரைக் கூட்டிவைத்தேன். மைக் வீறிட்டதுதான் மிச்சம்.

அப்போது தோட்டத்தை நடத்தும் துரையின் பெரிய பங்களாவுக்கு ஸ்டீரியோ பழுதுபார்க்கப் போய்க்கொண்டிருந்த செபஸ்தியார் ரோட்டிலிருந்து இறங்கி, கூட்டத்தைப் பிளந்துகொண்டு மேடைக்கு வந்தார்.

"ஒரு ஹார்னுக்குக் கம்பிய மாத்திக் குடுத்திருக்கய்யா. ஒண்ணோட சத்தத்த ஒண்ணு தின்னுது. நடுவுல போய் நின்னு கேட்டியா நீ?"

நான் பதில் சொல்வதற்குள் ஒரு ஹார்னின் இரண்டு கம்பிகளையும் அவரே மாற்றி முறுக்கினார். ராசம்மாவின் குரல் மைதானத்தின் நடுவில் தெளிவாக விழுந்தது. அவள் மறுபடியும் முதலிலிருந்து சொன்னாள். போகப் பார்த்தவர்கள் திரும்பி வந்தார்கள். அந்த வாரமே கணக்கப்பிள்ளையைத் தோட்டத்தை விட்டு மாற்றினார்கள்.

நான் நன்றி சொல்லப் போனேன். "ஒனக்காக வரல. அந்தப் பொம்பள பேசுறது கேக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் மேடையேறியதைத் துரையின் ஆட்கள் பார்த்திருந்தார்கள். எந்தப் பங்களாவிலும் அவரைப் பிறகு கூப்பிடவில்லை. ஒருநாள் என் கடைக்கு வந்தார். சமாதானத்துக்கு வருகிறார் என்று நினைத்து உட்கார நாற்காலியை எடுத்துப் போட்டேன். அவர் உட்காரவில்லை.

"நீ கம்பிய ஒழுங்கா மாட்டியிருந்தா எனக்கு இந்தக் கதி வந்திருக்காது."

எங்களுக்குள் கடைசிப் பேச்சு அதுதான். அதற்குப் பிறகு என் தொழிலைப் பற்றி ஹட்டன் முழுக்க அவர் பேசியதெல்லாம் உங்களுக்கே தெரியும். நானும் சும்மா இருக்கவில்லை.

இப்போது டுபாய்க்குப் போய்வந்தவர்கள் இரண்டு ஸ்பீக்கர் வைத்த செட்டுகளை வீட்டுக்குக் கொண்டுவருகிறார்கள். பாட்டுக்கு பேஸ் என்ற அடித்தொனியே இல்லை என்று என்னைக் கூப்பிட்டால், முதலில் அறையின் நடுவில் போய் நிற்கிறேன். பெரும்பாலும் ஒரு பெட்டியின் கம்பிதான் மாறியிருக்கும். இந்தப் பழக்கம் அவர் கொடுத்தது. அவர் மேல் இருக்கும் கோபத்தையும் கூடவே வைத்துக்கொள்கிறேன். அதை விட்டுவிட்டால் செபஸ்தியார் செத்துப்போன எல்லாரையும் போல ஒரு நல்ல மனுஷராகிவிடுவார். அப்படி அவரை அடக்கம் செய்ய எனக்கு மனமில்லை.