பூசணிப் பிஞ்சும் என் விரலும்

இன்று காலை ஸ்ரீரங்கத்து மொட்டை மாடியில் பூசணிக் கொடியை ஒதுக்கியபோது, சுணை கையில் அரித்து அந்தப் பச்சை வாடை மூக்கில் ஏறியதும், எப்போதோ இடித்துத் தள்ளிவிட்ட திருவெறும்பூர் குவார்ட்டர்ஸின் பின்பக்கத் தோட்டம் அப்படியே கண்முன் வந்தது. ஃபேக்டரி சங்கு ஊதுவதற்குள் அம்மா தினமும் பிஞ்சுகளைப் பார்த்துவிடுவாள்; எனக்குக் காட்டும்போது விரலை மடக்கிக்கொள்வாள்.

"நீட்டிக் காட்டாதடி, அழுகிடும்."

ஒருநாள் அவள் அடித்த கோபத்தில், ஒன்றுவிடாமல் எல்லாப் பிஞ்சுக்கும் நேராக விரலை நீட்டினேன். நாலாம் நாள் அத்தனையும் மஞ்சளாகி உதிர்ந்து கிடந்தன.

"ஸ்டெல்லா கண்ணு பட்டுடுச்சு" என்றாள் அம்மா. வேலிக்கு மேலே கிண்ணத்தில் குழம்பு நீட்டும் பக்கத்து வீட்டு ஸ்டெல்லா அக்காவோடு அப்புறம் அவள் பேசவேயில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை.

பிஞ்சை அழுகவைப்பது பழ ஈ என்று ஸ்கூலில் வருஷா வருஷம் பாடம் எடுப்பவள் நான்.

"அம்மா, இங்க ஒரு பிஞ்சு!" என்று என் மகள் விரலை நீட்டினாள்.

பளாரென்று சத்தம் கேட்ட பிறகுதான் அவள் கையில் அடித்தது நான் என்று எனக்கே தெரிந்தது. அவள் விரலை மடக்கிக்கொண்டு என்னையே பார்த்தாள்.