இடது மூலையில் பெருக்கல் குறி

அந்த ஆண்டு ஷார்ஜாவில் எங்கள் வீட்டு ஹாலில், ஊருக்குச் சாமான் அனுப்பும் கார்கோ பெட்டி ஒன்று கிடந்தது. கம்பெனியில் ஆட்குறைப்பு என்று கணவரை அனுப்பியதும், ரோலா கடைவீதியிலிருந்து அந்த வெற்று அட்டைப்பெட்டியைத் தூக்கி வந்தார். "எதுக்கும் இருக்கட்டும்" என்றார். கொஞ்ச நாளில் அதற்குள் போர்வைகளும் பெரிய குக்கரும் போயிருந்தன. காலையில் அதைத் தாண்டித்தான் பள்ளிக்குக் கிளம்புவேன்.

ஏழாம் வகுப்புக்கு அறிவியல் எடுத்துக்கொண்டிருந்தேன். வேலையோடு கணவரின் விசாவும் போய்விடும்; நான் ஆசிரியை என்பதால் குடும்பத்தை என் விசாவுக்கு மாற்றலாம் என்றார்கள். ஆனால் என் ஒப்பந்தமே முடியப்போகிறது. சூப்பர்வைசர் வந்து உட்கார்ந்து கவனிக்கும் ஒரு வகுப்பை வைத்துத்தான் அதைப் புதுப்பிப்பதா வேண்டாமா என்று முடிவு செய்வார்கள். போதாக்குறைக்கு, அந்தப் பாடத்தைக் கம்ப்யூட்டரில், புரொஜெக்டர் வைத்து நடத்த வேண்டும் என்று புதிதாக ஒரு நிபந்தனை. இத்தனை காலம் சாக்பீஸ் பிடித்த கைக்கு இது தேவையா என்று எரிச்சல்தான் வந்தது. ஆனால் யாரிடம் காட்டுவது?

வீட்டுக் கம்ப்யூட்டரில் பழகினேன். பழகினேன் என்பதைவிட மனப்பாடம் செய்தேன் என்பதே சரி. இடது மேல் மூலையில் ஒரு கிளிக், அதற்குக் கீழே ஒன்று, பிறகு நடுவில் ஒன்று. என்ன எழுதியிருக்கிறது என்று பார்ப்பதே இல்லை, இடம்தான் கணக்கு. பிள்ளைகள் இப்படிப் படித்தால் நானே திட்டுவேன்.

அந்த நாள் பார்த்து வகுப்பின் லேப்டாப் உயிர் பெறவில்லை. அரபி ஆசிரியர்களின் லேப்டாப்பை ஆபீசிலிருந்து ஒருவர் கொண்டுவந்து மாட்டினார். என் பென் டிரைவைச் செருகி, பாடத்தைத் திறந்து வைத்துவிட்டுப் போய்விட்டார். திரையில் இதயத்தின் படம் வந்தது. கடைசி பெஞ்சில் சூப்பர்வைசர் பேனாவைத் திறந்தார். நான் வழக்கம்போல் எதையும் படிக்காமல், இடது மூலைக்குப் போய் அழுத்தினேன்.

அரபி கம்ப்யூட்டரில் எல்லாமே இடம் வலமாக மாறியிருக்கும் என்பது எனக்குத் தெரியாது. நாம் வலப்பக்கம் பார்த்துப் பழகிய, பக்கத்தை மூடும் பெருக்கல் குறி அங்கே இடது மூலையில் இருந்தது. இதயத்தின் மேல் ஒரு கேள்விப் பெட்டி முளைத்தது. மூன்று பொத்தான்கள், மூன்றிலும் அரபி.

 எதை அழுத்தினாலும் பாடம் போய்விடும், பாடம் போனால் வேலை போய்விடும். கண்ணுக்குள் அட்டைப்பெட்டிதான் நின்றது. இத்தனை வருடம் இந்த ஊரில் இருந்தும் அரபியில் ஓர் எழுத்து எனக்குத் தெரியாது. எதிரே உட்கார்ந்திருந்த அத்தனை பிள்ளைகளுக்கும் தெரியும், அவர்களுக்கு அது கட்டாயப் பாடம். அது அப்போதுதான் உறைத்தது.

"இதுல என்ன போட்டிருக்கு, படிங்க பார்ப்போம்" என்பதை ஆங்கிலத்தில் கேட்டேன். 

பாதி வகுப்பு எழுந்து நின்றுவிட்டது. மூடட்டுமா என்று கேட்கிறது, கடைசிப் பொத்தான்தான் 'வேண்டாம்' என்றார்கள். அழுத்தினேன், படம் நிலைத்தது. அதற்குப் பிறகு மெனுவில் இருந்த அரபியை அவர்கள் படிக்கப் படிக்க நான் அழுத்தினேன். ரத்தம் இதயத்துக்குள் நுழைந்து வெளியேறியது. அரபியில் இதயம் 'கல்ப்' என்று எனக்கே பாடம் எடுத்தார்கள். என் வகுப்பில் அத்தனை பேர் வாய் திறந்து நான் பார்த்ததில்லை.

மணி அடித்ததும் சூப்பர்வைசர் வந்தார். "பிள்ளைகளைப் படிக்கவைத்தது நல்ல உத்தி, மிஸ். திட்டமிட்டுத்தானே செய்தீர்கள்?"

யோசிப்பதற்குள் என் தலை ஆமாம் என்று ஆடிவிட்டது.

"அப்படியானால் மற்ற ஆசிரியர்களுக்கு அடுத்த மாதம் நீங்களே பயிற்சி கொடுங்கள். ஒப்பந்தத்தைப் போடச் சொல்லிவிடுகிறேன்."

வீட்டுக் கதவைத் திறந்த கணவர் என் முகத்தையே பார்த்தார். "என்னாச்சு?"

"இங்கதாங்க இருக்கோம்" என்றேன். சந்தோஷமாகச் சொல்லியிருக்க வேண்டும். அதற்குள் அடுத்த மாதத்துப் பயம் வந்து உட்கார்ந்துவிட்டது. செருப்பைக்கூடக் கழற்றாமல் கம்ப்யூட்டரைத் திறந்து, மெனுவில் எழுதியிருந்ததை முதல் வார்த்தையிலிருந்து படிக்க ஆரம்பித்தேன். பின்னால் அட்டைப்பெட்டி பிரிபடும் சத்தம் கேட்டது. பெரிய குக்கரை வெளியே எடுத்து, அவர் கழுவிக்கொண்டிருந்தார்.