பிரஸ்காரி பொற்கொடி தாவக் கற்றது

பொற்கொடிக்குத் தண்ணீர் பயமில்லை. பாரூர் ஏரியில் எத்தனையோ முறை விழுந்து எழுந்தவள். அவளைப் பயமுறுத்தியது அவளுடைய இரண்டு கைகள்தான்.

ஓசூரில் இரும்புத் தகட்டை அச்சில் அழுத்தி உருவாக்கும் ஒரு பிரஸ் ஷாப்பில் பதினோரு வருடமாக வேலை. தகட்டை வைத்துவிட்டு, இரண்டு பட்டன்களையும் இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டே இருந்தால்தான் மேல் அச்சு இறங்கும். ஒரு கையை எடுத்தாலும் அந்த இடத்திலேயே நின்றுவிடும். எதிரே நின்று, அச்சு அடித்த தகட்டுத் துண்டை எடுப்பவர் கங்கப்பன், மூன்று பெண்களைப் பெற்றவர். அவருடைய பத்து விரலுக்கும் இவள்தான் காவல். ஏதோ சரியில்லை என்று பட்டால் யோசிக்கவே கூடாது, கை தானாக விலக வேண்டும். விலகும். வீட்டில் குக்கர் விசிலடித்தால்கூடக் கை விலகிக் கரண்டி கீழே கிடக்கும்.

அதே கம்பெனியில் அச்சுகளைச் செய்யும் டூல்ரூமில் வேலை பார்க்கும் சத்யப்ரியா, பாய்மரம் பொருத்திய பழைய பாய்ப்பலகை ஒன்றை வாங்கி, ஞாயிறுதோறும் கார் கூரையில் கட்டிக்கொண்டு இவளையும் பாரூர் ஏரிக்கு இழுத்துப் போனாள். பலகைமேல் நின்று, பாயின் குறுக்குக் கம்பைப் பிடித்துக் காற்றோடு ஓட வேண்டும். பயந்தால் கம்பை விட்டுவிடலாம், ஓட்டம் நின்றுவிடும். பிரஸ்காரிக்கு அது அல்வா சாப்பிடுகிற மாதிரி வந்தது.

தாவக் கற்கும்போதுதான் வம்பு வந்தது. வேகம் பிடித்து, சிற்றலை ஏறும் இடத்தில் பின்காலை உதைத்து, முழங்காலை மடக்கிப் பலகையோடு எழ வேண்டும். கால்கள் பலகையின் வாரில் மாட்டியிருக்கும். எழும்போதே பயம் வரும். கை கம்பை விட்டுவிடும். பாய் ஒருபக்கம், பலகை ஒருபக்கம், நடுவில் இவள் கணுக்கால்.

"ஆடிக் காத்துல அம்மியே பறக்குதாம், உனக்கென்னடீ கேடு? கைய மட்டும் உடாத!" என்றாள் சத்யப்ரியா.

"நான் எங்கடீ உடறேன், அதுவா உடுது. உடற பழக்கம் போயிட்டா, கங்கப்பண்ணன் கை என்னாவறது?"

"ஏரி வேற, கம்பெனி வேற. அது ஒடம்புக்குத் தெரியாதா?"

பொற்கொடி நம்பினாள். பறக்க யாருக்குத்தான் ஆசையில்லை?

நான்கு ஞாயிறு, பல்லைக் கடித்துக்கொண்டு கம்பை மார்போடு இழுத்துப் பிடித்தாள். பயம் கூடக் கூடப் பிடியும் இறுகியது. ஐந்தாவது ஞாயிறு பலகைக்கும் தண்ணீருக்கும் நடுவே ஒரு முழம் காற்று இருந்தது. பொத்தென்று நேராக இறங்கினாள். கை விடவில்லை. கரையில் சத்யப்ரியா குதித்தாள். இவளோ இன்னும் கம்பைப் பிடித்தபடியே நின்றாள்.

மறுநாள் டீ நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் அச்சில் ஒரு துண்டு ஒட்டிக்கொண்டது. இவள் பட்டனை அழுத்திய பிறகுதான் கங்கப்பன் அதைக் கவனித்துச் சட்டென்று கையை உள்ளே விட்டார். பொற்கொடி பார்த்தாள். பயம் வந்தது. கைகள் பட்டன்களை இறுக்கிப் பிடித்துக்கொண்டன.

"ஏய் பொற்கொடி!"

அவர் கத்திய பிறகுதான் விரல்கள் பிரிந்தன. அச்சு அவருடைய கையுறையின் நுனியைக் கவ்வி நின்றது. நுனிக்குள் விரல் இல்லை. கையுறை அவருக்கு ஒரு சைஸ் பெரிது.

"தூங்கிட்டியாம்மா?" என்றார் அவர், முகம் வெளுத்து.

பொற்கொடி நேரே சூப்பர்வைசர் பரமசிவத்திடம் போனாள்.

"சார், என்னைப் பேக்கிங்குக்கு மாத்திடுங்க."

"ஏம்மா? பதினோரு வருசத்துல உங்கிட்ட ஒரு தப்பு கண்டதில்லயே."

"அது வேற கை சார்," என்றாள் பொற்கொடி.