புறங்கையில் ஒட்டிய பால்கோவா

காசிராஜனை ஓரிடத்தில் உட்காரவைப்பது பூனையைக் குளிப்பாட்டுகிற மாதிரி. கல்யாண மேடையிலிருந்தே இரண்டு தரம் எழுந்துபோய்ப் பாயசத்தை எட்டிப்பார்த்துவிட்டு வந்துதான் தாலி கட்டினார். ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா கிண்டுகிறவர். அடுப்பு முன்னால் குனிந்து துடுப்பைச் சுழற்றிச் சுழற்றியே இடுப்பெலும்புகளுக்கு நடுவே இருக்கிற டிஸ்க் ஒன்று பிதுங்கி நரம்பை நெரித்தது. இடது காலில் தீக்குச்சி கிழித்ததுபோல வலி. உட்கார்ந்தால் குத்தும், நின்றால் குத்தும். ஆகவே நடந்துகொண்டே இருந்தார். தெரு நாய்கள்கூட சலித்துப்போய் அவரைப் பார்த்துக் குரைப்பதை விட்டுவிட்டன.

மாத்திரைக்கும் கேட்கவில்லை, உடற்பயிற்சிக்கும் கேட்கவில்லை. மதுரையில் ஒருவர் முதுகைத் திறந்து ஸ்க்ரூ போடவேண்டும் என்றார். ராஜபாளையத்து டாக்டர் ஆவுடையப்பன் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"உங்களுக்கு ஸ்க்ரூ வேண்டாம். ஒரு விரக்கடை அகலங்கூட இல்லாத ஒரு துளை. அதுவழியா கேமரா விட்டு, பிதுங்குனத மட்டும் எடுத்துருவோம். மயக்கம் லேசாத்தான், முழிச்சிருப்பீக. குப்புறப் படுத்து அசையாம கெடக்கணும். சரியா வரலைன்னா பெரிய ஆப்பரேஷன்தான். பொறவு துடுப்ப மறந்துரணும்."

"அசையாமயா? இவியளா?" மனைவி பாண்டிசெல்விக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

காசிராஜன் சிரிக்கவில்லை. துடுப்பை விட்டால் அவருக்கு வேறு தொழில் தெரியாது.

குறித்த நாளில் வெறும் வயிற்றோடு வரச் சொல்லியிருந்தார்கள். பஸ்ஸுக்கு நேரமிருக்கிறதே என்று விடியலில் கடைப்பக்கம் ஒரு நடை போய்வந்தார். ஆஸ்பத்திரியில் நர்ஸ் பிரிஸ்கில்லா ஊசி ஏற்ற அவர் புறங்கையைத் துடைத்தாள். பஞ்சு ஒட்டிக்கொண்டது.

"அண்ணாச்சி, எதும் சாப்ட்டீகளா?"

"இல்லம்மா."

"பொறவு இது என்ன பிசுபிசுன்னு?"

பாண்டிசெல்வி அந்தக் கையை மோந்து பார்த்தாள். "அடப் பாவி மனுசா! பால்கோவா!"

"பதம் பாத்தேன்ட்டி. அது சாப்புடுததா? புறங்கையில தொட்டு நக்குறது பழக்கம். கை தானாப் போயிருச்சு."

"கை போச்சா, இல்ல பயந்துபோயி தப்பிக்கப் பாத்தீகளா?"

அது அவருக்கே தெரியவில்லை.

ஒரு சிட்டிகையானாலும் பாலில் செய்ததுதானே என்று டாக்டர் சாயங்காலத்துக்குத் தள்ளிவைத்தார். அதுவரை காசிராஜன் வராந்தாவை நடந்தே தேய்த்தார். வழியில் இருந்த தண்ணீர் கேனைப் பார்த்து எச்சில் விழுங்கினார். வாசல்வரை போனார், பஸ் ஸ்டாண்ட் பக்கம் பார்த்தார், பாண்டிசெல்வி பார்ப்பதைப் பார்த்துத் திரும்பிவந்தார்.

சாயங்காலம் ஆப்பரேஷன் மேசையில் குப்புறப் படுத்ததும் காலுக்குள் எறும்பு ஊர்ந்தது.

"சுள்ளுன்னா வாயால சொல்லுங்க. கால ஆட்டிராதீக" என்றார் டாக்டர்.

பால் சுண்டித் திரளுகிற நேரத்தில் மட்டும் காசிராஜன் அடுப்பைவிட்டு நகர்ந்தது கிடையாது. நகர்ந்தால் அடிப்பிடித்துவிடும். கண்ணை மூடி அந்தச் சட்டியை நினைத்துக்கொண்டார். மனசுக்குள் கிண்டினார். "சுள்ளுங்குது டாக்டர்" என்றார். கால் ஆடவில்லை. பிறகும் கிண்டினார்.

முடிந்ததும் வெளி அறையில் மல்லாக்கப் படுக்கவைத்துக் காலை நீட்டித் தூக்கச் சொன்னார்கள். முன்பெல்லாம் ஒரு சாண் தூக்குவதற்குள் கத்திவிடுவார். இப்போது கால் ஏறியது. இன்னும் ஏறியது. தீக்குச்சியைக் காணோம். அவருக்கே நம்பிக்கையில்லாமல் இன்னொரு தரம் தூக்கினார்.

"போதும், கொடிமரம் நட்டது" என்றாள் பாண்டிசெல்வி.

"அண்ணாச்சி கல்லு மாதிரி கெடந்தாவ. அக்காதான் வெளிய ஒரு நிமிசம் உக்காரல" என்றாள் பிரிஸ்கில்லா.

"ஏட்டி, காலையில அந்தச் சட்டியில சீனி ஒரு கை கம்மி. கடைக்கு ஒரு போன்..." என்று காசிராஜன் எழப்போனார்.

பாண்டிசெல்வி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, அந்த இடது பாதத்தை எடுத்து மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள், விட்டால் அது மட்டும் இறங்கி ஸ்ரீவில்லிபுத்தூர் போய்விடும் என்பதுபோல. அவர் இழுத்துப் பார்த்தார். பிறகு இழுக்கவில்லை.