கன்னத்தில் கை வைத்தவள்

எனக்குக் கல்யாணமாகித் திருத்தணிக்கு வந்த மறு வருஷம், அரக்கோணத்தில் ஒரு வெள்ளைக்காரக் குடும்பம் சாமான்களை விற்றுவிட்டுச் சீமைக்குப் புறப்பட்டது. மற்றவர்கள் நாற்காலி, மேஜை என்று தூக்கிப் போனார்கள். அங்கே ரயில்வே குமாஸ்தாவாக இருந்த என் வீட்டுக்காரர் ஒரு படத்தை வாங்கி வந்தார். போன நூற்றாண்டில் கல்லில் வரைந்து காகிதத்தில் அச்சடித்ததாம், கண்ணாடிச் சட்டம் போட்டிருந்தது. கன்னத்தில் கை வைத்து, மடியில் மூடிய புத்தகத்தோடு, எங்கோ பார்த்தபடி ஒரு வெள்ளைக்காரி.

கூடத்தில் மாட்டினார். சாப்பிட உட்கார்ந்தால் நேரே அவள் முகம்தான்.

“இன்னா யோசிச்சிகினு கீறாளோ, பாவம்” என்பார், சோற்றைப் பிசைந்தபடி. குழம்பு எப்படி என்று ஒரு நாளும் சொன்னதில்லை.

ஒரு சாயங்காலம் நானும் அதேபோல் வாசற்படியில் உட்கார்ந்திருந்தேன். வேண்டுமென்றேதான். ஸ்டேஷனிலிருந்து வந்தவர், “வெளக்கு வெக்கிற நேரத்துல கன்னத்துல கை வெச்சிகினு உக்காராதே, தரித்திரம்” என்றார்.

அவள் வைத்தால் மட்டும் தரித்திரம் இல்லையா? அவள் மூக்கு என் மூக்கைவிட எடுப்பு. விரல்கள் பாத்திரம் தேய்க்காத விரல்கள்.

மறுநாள் அவர் வேலைக்குப் போனதும் படத்தைக் கழற்றி, கடைத்தெருவில் கண்ணாடிச் சட்டம் போடும் பாயிடம் கொண்டுபோனேன். “இதுல முருகர் படம் போட்டுக் குடுங்க.”

“இவங்கள இன்னா பண்றதும்மா? கிழிக்க மனசு வரல. பின்னாலயே வெச்சி ஆணி அடிச்சிட்றேன்.”

வீட்டுக்காரர் வந்து முருகனைப் பார்த்தார். சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். அடுத்த நாளிலிருந்து குளித்ததும் அந்தப் படத்தின் முன் கண் மூடி நிற்க ஆரம்பித்தார். அதற்கு முன்பெல்லாம் கிருத்திகைக்கு மலையேறுவதோடு சரி. எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. பாய் சொல்லியிருப்பாரோ?

ஒரு காலை பொறுக்க முடியவில்லை. அவர் என் அத்தை மகன். சின்ன வயதிலிருந்தே பாவா என்றுதான் கூப்பிடுவேன்.

“பாவா, நெஜத்தச் சொல்லுங்க. யாரக் கும்பிட்றீங்க? சாமியவா, பின்னால கீறாளே அவளையா?”

“பின்னால கீறாளா?”

நானே காட்டிக்கொடுத்துவிட்டேன் என்று அப்போதுதான் புரிந்தது. அவர் சிரித்த சிரிப்பில் நெற்றி விபூதி உதிர்ந்தது.

“நீ ஆசையா மாட்டினியேன்னு கும்பிட்டேன். சாமிக்குப் பின்னால பொம்பளைய அடைச்சி வெக்கலாமா? தனியா எடுத்து எங்க வேணா ஒட்டிக்கோ.”

அடுப்பங்கரைச் சுவரில் ஒட்டினேன். அங்கே அவர் காலெடுத்து வைப்பதே இல்லை. புகை படிந்து அவள் கறுக்கட்டும் என்றுகூட நினைத்தேன். கொஞ்ச நாள்தான் அந்த நிம்மதி. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவரே மணையைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தார்.

“இனிமே இங்கயே போடு. சூடா துன்னலாம்.”

யாருக்காக வந்தார் என்று நான் கேட்கவில்லை. அவர் முதுகு அவள் பக்கம் இருக்கும்படி பார்த்து இலையைப் போட்டேன்.